மவுண்டன் பைக்குக்கு ரிம் தேர்ந்தெடுப்பது: டெல்டாவில் ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புது ரிம் வாங்கப் போகிறேன் என்று வருபவர்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, வெறும் 390 கிராம்தான்" என்பார்கள். ஹப்பில், அதாவது கம்பிகள் வந்து சேரும் நடுப்பாகத்தில், எத்தனை ஓட்டை என்று கேட்டால் தெரியாது. டயர் என்ன அகலம் என்றால் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ரிம் கடைசியில் முடிவு செய்ய வேண்டிய பொருள். சுமை, பாதை, டயர், பிரேக், ஹப் ஆகிய ஐந்தையும் முதலில் எழுதி வைத்துவிட்டால், கடையில் தொங்கும் அத்தனை ரிம்மிலும் உங்களுக்குப் பொருந்துவது இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். எடை பார்க்க வேண்டியது அந்த இரண்டு மூன்றுக்குள்.

கும்பகோணத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நண்பர்களுக்குச் சக்கரம் கோர்த்துக் கொடுப்பவன் நான். கீழே உள்ள வரிசை அந்தத் திண்ணையில் பட்டுப் பட்டுப் பழகியது. வரிசையை மாற்றினால் காசு வீணாகும், அவ்வளவுதான்.

1. ஆர்டர் போடும் முன் கையில் இருக்க வேண்டியவை

சமையலறைத் தராசு ஒன்று, ஒரு கிராம் வரை காட்டுவதாக. மி.மீ. கோடு தெளிவாகத் தெரியும் எஃகு டேப். பழைய ஸ்போக்ஸ் கம்பி இரண்டு, அதை ரிம்மோடு திருகிப் பிடிக்கும் நிப்பிள் இரண்டு. நிப்பிள் சாவி. ஒரு நோட்டு.

இவற்றைவிட முக்கியமானவை, நீங்கள் போடப்போகும் டயரும் ஹப்பும். இரண்டும் கண் முன்னால் இருக்க வேண்டும். "ஹப்பை அப்புறம் மாத்திக்கலாம்" என்று ரிம்மை முதலில் வாங்கியவர்களின் ரிம்கள் இரண்டு என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஓட்டைக் கணக்கு ஒத்து வரவில்லை.

2. சுமையையும் பாதையையும் எழுதுங்கள்

உங்கள் உடல் எடை, முதுகுப் பை, தண்ணீர், கேரியரில் ஏற்றுவது எல்லாம் சேர்த்து ஒரு எண். கேரியரில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஏற்றுகிற வழக்கம் உண்டு என்றால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். உட்கார்ந்து ஓட்டும்போது சுமையில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில்தான் விழுகிறது. சிப்பம் முழுக்கப் பின் சக்கரத்துக்கே.

அடுத்தது பாதை. டெல்டா சமதரை, இங்கே ரிம்முக்கு என்ன ஆபத்து என்று நினைக்க வேண்டாம். சம்பா அறுவடை முடிந்ததும் ஈர வயலிலிருந்து செயின் வண்டி (டயருக்குப் பதில் செயின் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) ஏறி வந்த தடம், வாய்க்கால் கரையின் களிமண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குப் பதிந்து, மாசி வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும். அந்தப் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி விளிம்பில் மோதுவது மலைப் பாறையில் மோதுவதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. இன்னொன்று மதகு. கரைமண் மழையில் கரைந்து இறங்கிவிடும், மதகின் சிமென்ட் விளிம்பு மட்டும் அப்படியே நிற்கும். புல் மூடியிருந்தால் இரண்டு அங்குலப் படி கண்ணுக்குத் தெரியாது. நான் பார்த்த ரிம் நசுங்கல்களில் பாதிக்கு மேல் மதகு விளிம்பில் பட்டவை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ பச்சைமலைக்கோ வருடத்தில் இரண்டு முறை போவீர்கள் என்றால் அதையும் குறியுங்கள். ஆனால் அந்த இரண்டு நாளுக்காக வருடம் முழுக்கக் கனமான ரிம்மைச் சுமக்க வேண்டியதில்லை.

3. அளவு: டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள்

டயரில் 57-622 என்பது போல ஒரு எண் இருக்கும். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மி.மீ. கணக்கு. ரிம்மிலும் அதே இரண்டாவது எண் இருக்க வேண்டும். "29 இஞ்ச்", "28 இஞ்ச்" என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. அதை நம்பி வாங்காதீர்கள்.

29 இஞ்ச் என்றால் 622. 27.5 என்றால் 584. பழைய 26 இஞ்ச் மவுண்டன் பைக் என்றால் 559. குழப்பம் இனிமேல்தான். நம்மூர்க் கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ ரிம் 635. ஹைப்ரிட் வண்டிகளின் 700சி ரிம் 622, அதாவது 29 இஞ்சும் அதுவும் ஒரே விட்டம். 26 × 1⅜ என்றால் 590, 26 × 1½ என்றால் 584. ஆக "26" என்று வாயால் கேட்டால் மூன்று வெவ்வேறு ரிம்மில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்.

ஒருமுறை ஊருக்கு வெளியே என் 29 இஞ்ச் ரிம் நசுங்கி, அங்கிருந்த கடையில் "28 இஞ்ச் இருக்கு, கிட்டத்தட்ட அதே சைஸ்தான் தம்பி, போட்டுடலாம்" என்றார்கள். விட்டத்தில் 13 மி.மீ. வித்தியாசம். அரை மணி நேரம் இருவருமாக டயரை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேருந்தில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

4. உள் அகலம்: டயர் சொல்வதைக் கேளுங்கள்

ரிம்மின் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே, உள்பக்கம் அளப்பதுதான் உள் அகலம். வெளி அகலத்தைப் பெரிதாகப் போட்டு விற்பதுண்டு. உங்களுக்கு வேண்டியது உள் அகலம் மட்டுமே.

டயர் 2.1 முதல் 2.3 அங்குலம் வரை என்றால் 25 மி.மீ. உள் அகலம் சரியாக உட்காரும். 2.35 முதல் 2.6 வரை 30 மி.மீ. 2.8, 3.0 என்று போனால்தான் 35க்கு மேல் தேவை. பழைய வண்டிகளில் வரும் 19, 21 மி.மீ. ரிம்மில் 2.35 டயரை மாட்டிக் காற்றைக் குறைத்து ஓட்டினால், வளைவில் டயர் ஒரு பக்கமாகப் படுக்கும். அகலமான ரிம்மில் குறுகிய டயரை மாட்டினால் டயரின் பக்கச்சுவர் வெளியே தள்ளி நிற்க வேண்டிய இடத்தில் ரிம் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மதகுப் படியில் முதல் அடி ரிம்முக்குத்தான்.

புதியவர்கள் தவறுகிற முக்கியமான இடம் இது. ஒரே எடையில் 25 மி.மீ. ரிம்மும் 30 மி.மீ. ரிம்மும் இருந்தால், அகலமானதில் அதே அளவு அலுமினியம் அதிகப் பரப்புக்குப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். அதாவது சுவர் மெலிந்திருக்கிறது. அகலமும் வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்று ஒரே ரிம்மில் கேட்டால், பலத்தில்தான் கை வைப்பார்கள். கரைப் பாதையிலும் தார்ச்சாலையிலும் 2.25 டயரில் ஓட்டுபவருக்கு 25 மி.மீ. ரிம் போதும். இலேசும் உறுதியும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தேவைக்கு மேல் அகலம் வாங்காதீர்கள்.

கொள்ளிடத்து மணலில் இறங்கி ஓட்டுவதே உங்கள் வேலை என்றால் கதை வேறு. அங்கே அகல டயர், குறைந்த காற்று, 30 மி.மீ. ரிம்.

5. பிரேக்

டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க் ரிம். வி-பிரேக் என்றால் பக்கச்சுவர் தட்டையாகக் கடைந்து எடுத்த ரிம்தான் வேண்டும். டிஸ்க் ரிம்மில் அந்தத் தட்டைப் பரப்பு இருக்காது, பிரேக் கட்டை பிடிக்க இடமில்லை. டிஸ்க் ரிம்மை வி-பிரேக்குக்குப் போட வழியே இல்லை, எனவே இதை முதலிலேயே உறுதி செய்யுங்கள்.

வி-பிரேக் வைத்திருப்பவர்கள் இலேசான ரிம்மைத் தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வண்டலும் மணலும் கலந்த சேறு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உப்புத்தாள் போல வேலை செய்யும். ஒவ்வொரு பிரேக்குக்கும் ரிம் கொஞ்சம் தேயும். மெல்லிய சுவராக வாங்கினால் அதன் ஆயுள் இரண்டு மூன்று மழைக்காலம்தான். ரிம்மின் பக்கவாட்டில் தேய்மானக் குறி என்று ஒரு சிறு பள்ளமோ கோடோ இருக்கும். அது மறைந்தால் ரிம்மை மாற்றிவிட வேண்டும், பெண்டு எடுத்து (கம்பிகளைத் திருகிக் கோணலை நிமிர்த்தி) பயனில்லை.

6. ஹப்பின் ஓட்டையை எண்ணுங்கள்

ஹப்பில் 32 ஓட்டை இருந்தால் ரிம்மிலும் 32. வேறு கணக்கில்லை. வால்வு ஓட்டையைச் சேர்த்து எண்ணிவிட்டு "33 வருதே" என்று கேட்டவர்களும் உண்டு, அதனால் சொல்கிறேன்: வால்வை விட்டுவிட்டு எண்ணுங்கள்.

விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் 36 வரும். நடுத்தர வண்டிகளில் 32. பந்தய வண்டிகளில் 28. எடை குறையும் என்று 28க்குப் போவதை இங்கே நான் பரிந்துரைப்பதில்லை. நான்கு கம்பி, நான்கு நிப்பிள் குறைவதில் ஒரு சக்கரத்துக்கு 30 கிராம் மிச்சம். அதற்கு விலையாக, ஒரு கம்பி அறுந்தால் ரிம் எவ்வளவு கோணுகிறது என்பதைப் பாருங்கள். 36 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் பிரேக்கைத் தளர்த்தி வீடு வந்துவிடலாம். 28இல் டயர் ஃபிரேமில் உரசும்.

முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே ரிம்மாக வாங்க வேண்டும் என்று சட்டமில்லை. ஒரே அகலத்தில், பின்னால் கொஞ்சம் கனமானது, முன்னால் இலேசானது என்று கலந்து கோர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கை. பின் ஹப், பல்சக்கரத்தைத் திருகி மாட்டும் ஃப்ரீவீல் வகையா என்று பாருங்கள். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் முனை தாங்கலின்றி நீண்டு நிற்கும். பள்ளத்தில் அச்சு வளையும். அந்த ஹப்பில் விலையுயர்ந்த ரிம்மைக் கோர்ப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் மொண்ட கதை. முதலில் ஹப்பை மாற்றுங்கள்.

7. உலோகமும் சுவரும்

எஃகு ரிம்மை மவுண்டன் பைக்கில் மறந்துவிடலாம். எஃகு அலுமினியத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தி. நனைந்தால் பிரேக்கும் பிடிக்காது.

அலுமினிய ரிம்மில் ஒற்றைச் சுவர், இரட்டைச் சுவர் என்று இரண்டு உண்டு. கண்டுபிடிப்பது எளிது. டயரையும் டியூபையும் கழற்றி, உள்ளே ஒட்டிய பட்டையை விலக்குங்கள். நிப்பிளின் தலை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தால் ஒற்றைச் சுவர். பெரிய ஓட்டை ஒன்று தெரிந்து, நிப்பிள் தலை அதற்குள்ளே கிணற்றுக்குள் இருப்பது போலக் கீழே தெரிந்தால் இரட்டைச் சுவர். இரட்டைச் சுவர் ஒரு பெட்டி போல நின்று முறுக்கத்தைத் தாங்கும். அதே எடைக்குப் பல மடங்கு விறைப்பு. கரைப் பாதைக்கு இரட்டைச் சுவர் மட்டுமே.

அலுமினியத்தின் வகை 6061 என்றோ 6069 என்றோ போட்டிருக்கும். பின்னது கூடுதல் வலு. இருந்தாலும் சுவரின் தடிமனும் வடிவமும் செய்கிற வேலையை எண் மட்டும் செய்துவிடாது. நீங்கள் விரலால் தடவிப் பார்க்க வேண்டியது விளிம்பின் நுனியை. அடி வாங்குவதும் நசுங்குவதும் அந்த நுனிதான். கத்தி முனை போல மெலிந்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். மழுங்கிச் சற்றுத் தடிமனாக இருந்தால் அந்த ரிம் அடியையும் தாங்கும், டியூபையும் சீக்கிரம் வெட்டாது.

கார்பன்? நன்றாகக் கோர்த்தால் அருமையான சக்கரம். அலுமினியம் நசுங்கினால் சாவியும் மரக்கட்டையும் வைத்து ஓரளவு நிமிர்த்தி வீடு வரலாம். கார்பன் நசுங்காது, ஒரேயடியாக விரிசல் விடும். அதன் விலையில் நல்ல அலுமினியச் சக்கரம் இரண்டு ஜோடி கோர்க்கலாம். பந்தயம் ஓட்டாதவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

8. இப்போது எடை

29 இஞ்ச், இரட்டைச் சுவர் அலுமினியம், ஒரு ரிம்முக்குக் கணக்கு இது. 400 முதல் 450 கிராம்: பந்தய வகை. 480 முதல் 560: எல்லாப் பாதைக்கும். 600க்கு மேல்: பாறையில் குதிப்பவர்களுக்கு, அல்லது விலையைக் குறைக்கத் தடிமனாக விட்டது. 27.5 என்றால் இவற்றிலிருந்து ஏறத்தாழ 30 கிராம் கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மொத்தச் சுமை 75 கிலோவுக்குள் இருந்து கரைப் பாதையை நிதானமாக ஓட்டுபவர் என்றால் முன்னால் 450, பின்னால் 500 பக்கம் போகலாம். 75 முதல் 95 வரை 500, 550. அதற்கு மேல், அல்லது அரிசிச் சிப்பம் கணக்கில் உண்டு என்றால், பின்னால் 550க்குக் குறையாமல், முடிந்தால் 36 ஓட்டையோடு.

சரி, 100 கிராம் குறைந்தால் என்ன கிடைக்கும்? ரிம்மில் இருக்கும் எடை வண்டியோடு முன்னேறவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் வேகம் எடுக்கும்போது ரிம்மின் ஒரு கிராம் ஃபிரேமின் இரண்டு கிராமுக்குச் சமம். வேகம் எடுத்து ஒரே சீராகப் போகும்போது இந்த இரட்டிப்பு மறைந்துவிடும். தஞ்சாவூரிலிருந்து கல்லணைக்குச் சமதரையில் ஒரே மிதியாகப் போகிறவருக்கு 100 கிராம் தெரியவே தெரியாது. தெருவுக்குத் தெரு வேகத்தடையில் நின்று கிளம்புபவருக்கு, மணலில் அடிக்கடி உந்துபவருக்குக் கொஞ்சம் தெரியும்.

அப்புறம், எடையைக் குறைக்க ரிம்மைவிட மலிவான இடங்கள் இருக்கின்றன. 29 இஞ்ச் சாதாரண டியூப் ஒன்று 200 கிராம் பக்கம். அதை எடுத்துவிட்டு டியூப்லெஸ் ஆக்கினால், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் 100 கிராம் போக 100 கிராம் மிச்சம். இரும்புக் கம்பி வைத்த டயரிலிருந்து மடிக்கக்கூடிய டயருக்கு மாறினால் டயருக்கு 50 முதல் 100 கிராம் வரை போகும், அதுவும் சக்கரத்தின் வெளி ஓரத்திலேயே. நடுவில் மெலிந்த 2.0/1.8 மி.மீ. ஸ்போக்ஸ் போட்டால் ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு 40, 50 கிராம் குறையும். அது அடி விழும்போது சற்று நீண்டு கொடுப்பதால், ஹப் பக்கம் வளையும் கழுத்தில் அறுவதும் குறைவு. எடையும் குறைந்து ஆயுளும் கூடுகிற ஒரே இடம் இதுதான். டயரையும் டியூபையும் தொடாமல் ரிம்மில் மட்டும் 80 கிராம் குறைக்கச் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

9. நிப்பிளும் உப்பும்

அலுமினிய நிப்பிளுக்கு மாறினால் ஒரு ஜோடிச் சக்கரத்தில் இன்னொரு 40 கிராம் குறையும். கவர்ச்சியான கணக்கு. நானும் விழுந்தேன்.

வேதாரண்யம் உப்பளப் பாதையிலும் கோடியக்கரையிலும் இரண்டு நாள் சுற்றிவிட்டு, சைக்கிளைத் துடைத்து நிறுத்தினேன், அவ்வளவுதான். பொங்கல் கழித்துப் பெண்டு எடுக்க சாவியை வைத்தபோது நிப்பிள்கள் கம்பியோடு ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தன. அடியில் வெள்ளைப் பொடி. சாவியைத் திருப்பினால் நிப்பிளின் முனை மழுங்கியது, சில இடத்தில் தலையே உடைந்து ரிம்முக்குள் விழுந்து கிலுகிலுப்பை போலச் சத்தம் போட்டது. எவர்சில்வர் கம்பியும் அலுமினிய நிப்பிளும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் கரையும். முழுச் சக்கரத்தையும் கம்பி வெட்டித்தான் பிரித்தேன்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி பக்கம் இருப்பவர்களும், கடற்கரைக்கு அடிக்கடிப் போகிறவர்களும் பித்தளை நிப்பிளைத் தவிர எதையும் தொட வேண்டாம். உள்நாட்டில் இருப்பவர்களுக்கும் அதுவே என் யோசனை. கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இரட்டைச் சுவருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். சக்கரத்தை ஆட்டினால் சலசலக்கும். டயரை ஒரு பக்கம் விலக்கி, வால்வு ஓட்டை கீழே பார்க்கும்படி ஒரு இரவு தொங்கவிட்டால் வடிந்துவிடும்.

10. வால்வு ஓட்டையும் டியூப்லெஸ்ஸும்

ரிம்மில் வால்வு ஓட்டை இரண்டு அளவில் வரும். 6.5 மி.மீ. என்றால் மெல்லிய பிரெஸ்டா. 8.5 மி.மீ. என்றால் மோட்டார் சைக்கிள் வகைத் தடித்த வால்வு. கிராமத்துப் பஞ்சர் கடையில் பிரெஸ்டா டியூபும் கிடைக்காது, அதற்குக் காற்றடிக்கும் வாயும் இருக்காது. டியூப் போட்டு ஓட்டுபவர்கள் 8.5 வாங்குங்கள், பிரெஸ்டா வேண்டுமானால் ஒரு சிறு ரப்பர் வளையம் போட்டு அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். 6.5 ரிம் வைத்திருப்பவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வைக்கவும்.

சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் உள்ள கரைகளில் டியூப்லெஸ் பெரிய நிம்மதி. அதற்கு ரிம்மின் பெயரோடு டியூப்லெஸ் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு அதில்தான் இருக்கும். ரிம்முக்குள் ஓட்டைகளை மூடி ஒட்டும் பட்டை உள் அகலத்தைவிட 2, 3 மி.மீ. அகலமாக இருக்கட்டும். எங்கள் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

11. கம்பி நீளத்துக்கு ரிம்மை நீங்களே அளங்கள்

ரிம் கையில் வந்த பிறகுதான் கம்பி ஆர்டர். பெட்டியில் போட்டிருக்கும் ஈஆர்டி என்ற அளவு, அதாவது எதிரெதிரே உள்ள இரண்டு கம்பிகளின் நுனிக்கு நுனி உள்ள விட்டம், சில சமயம் இரண்டு மூன்று மி.மீ. தப்பாக இருக்கும். கம்பி மூன்று மி.மீ. நீளமானால் நிப்பிளைத் தாண்டி நீட்டும், மரை தீர்ந்து மேலே இழுக்க முடியாமல் போகலாம், மூன்று மி.மீ. குட்டையானால் மரை பாதிதான் பிடிக்கும்.

அளப்பது இப்படி. பழைய கம்பி இரண்டையும் மரை முனையிலிருந்து சரியாக 200 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். எதிரெதிரே உள்ள இரண்டு ஓட்டைகளில் நிப்பிளோடு மாட்டி, கம்பியின் நுனி நிப்பிளின் தலையில் உள்ள வெட்டுக்குச் சமமாக வரும்வரை திருகுங்கள். 32 ஓட்டை என்றால் ஒன்றாம் ஓட்டைக்கு எதிரே பதினேழாவது. இரண்டு கம்பியையும் நேர்க்கோட்டில் இழுத்துப் பிடித்து, வெட்டிய முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஒருவர் அளக்க வேண்டும். இடைவெளி 200 என்றால் ஈஆர்டி 600. பிறகு கால் வட்டம் தள்ளி இன்னொரு முறை அளங்கள். இரண்டும் ஒரு மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ரிம் வட்டமாக இல்லை, திருப்பிக் கொடுங்கள்.

இதோடு ஹப்பில் கம்பி ஓட்டைகளின் வட்ட விட்டம், ஹப்பின் நடுவிலிருந்து இரண்டு பக்கத் தட்டுகளும் எவ்வளவு தூரம் ஆகியவற்றை அளந்து, ஏதாவது ஒரு கம்பிக் கணக்கி செயலியில் போட்டால் நீளம் வந்துவிடும். ஒரு சரிபார்ப்புக்கு: ஈஆர்டி 600, ஹப் வட்டம் 58, நடுவிலிருந்து தட்டு 22 மி.மீ., 32 கம்பி, மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடப்பது) என்றால் விடை 290 மி.மீ. பக்கம் வர வேண்டும். உங்களுக்கு 270 என்று வந்தால் ஏதோ ஒரு அளவைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். பின் சக்கரத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு நீளம் வரும். அது பிழையில்லை, பல்சக்கரத்துக்கு இடம் விட வலப்பக்கத் தட்டு நடுவுக்கு நெருங்கி இருப்பதால் அப்படி.

12. கடையிலேயே செய்யும் சோதனை

தராசில் வையுங்கள். பத்து, இருபது கிராம் கூடக்குறைய இருப்பது வழக்கம். ஐம்பது கூடினால் வேறு ரிம் கேளுங்கள்.

சமமான கண்ணாடி மேசையிலோ கிரானைட் மேடையிலோ படுக்க வைத்து, விளிம்பில் நான்கு இடத்தில் விரலால் அழுத்துங்கள். ஒரு பக்கம் அழுத்த மறுபக்கம் எழும்பினால் ரிம் கோணல். ஒரு மி.மீ. வரை கம்பி இழுத்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால், கோணலை நிமிர்த்துவதற்கே ஒரு பக்கக் கம்பிகளை அதிகம் இழுக்க வேண்டிவரும். அந்த இடமே முதலில் தளரும்.

ரிம்மின் இரு முனைகளும் சேரும் இணைப்பை நகத்தால் தடவுங்கள். வி-பிரேக் ரிம்மில் நகம் தட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் உதறும். டிஸ்க் ரிம்மில் சின்னத் தட்டல் பரவாயில்லை.

13. கோர்க்கும்போது உறுதி எங்கிருந்து வருகிறது

500 கிராம் ரிம்மைச் சரியாகக் கோர்த்தால் தாங்கும். 650 கிராம் ரிம்மை ஏனோதானோ என்று கோர்த்தால் முதல் மழைக்குள் ஆடும். காரணம் இழுவை. கம்பிகள் எல்லாம் ஒரே அளவு இழுபட்டிருந்தால் அடி பல கம்பிகளுக்குப் பகிர்ந்து போகும். ஒன்று தளர்வும் ஒன்று விறைப்புமாக இருந்தால் விறைத்தது அறுந்துபோகும்.

கடையில் கோர்க்கக் கொடுப்பவர்கள் மூன்று விஷயம் கேளுங்கள். வால்வு ஓட்டைக்கு இரண்டு பக்கமும் உள்ள கம்பிகள் இணையாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் பம்பின் வாய் நுழையாது. நிப்பிள் மரையில் எண்ணெய் விட வேண்டும். பின் சக்கர வலப்பக்கத்தில் இழுவை 110, 120 கிலோ அளவுக்கு வர வேண்டும், ஆனால் ரிம்மில் அச்சிட்ட உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது. இலேசான ரிம்களில் வரம்பு குறைவாக இருக்கும், தாண்டினால் நிப்பிள் ஓட்டையைச் சுற்றி விரிசல் வரும்.

இழுவை மீட்டர் இல்லையென்றால் காது இருக்கிறது. ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டுங்கள். நீளமும் தடிமனும் ஒன்றாக இருப்பதால் சரியாக இழுத்திருந்தால் ஒரே சுருதி வரும். வீணை செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எங்கே சுருதி இறங்குகிறதோ அங்கே தளர்வு. பின் சக்கரத்தின் இடப்பக்கம் மொத்தமாகவே சுருதி இறங்கித்தான் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கோர்த்து முடித்ததும் இணையான கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துக் கையால் அழுத்தமாக நெரியுங்கள், சக்கரம் முழுக்க. டிக், டிக் என்று சத்தம் வந்தால் முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் விடுபடுகின்றன என்று அர்த்தம். இதைச் செய்யாமல் வண்டியை எடுத்தால் அந்தச் சத்தம் முதல் கிலோமீட்டரில் வரும், கூடவே பெண்டும் வரும்.

14. காற்றும் முதல் 100 கிலோமீட்டரும்

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் காற்று வைக்கும் பழக்கத்தை இலேசான ரிம்மில் விட்டுவிடுங்கள். 70 கிலோ ஆளுக்கு, 2.25 டயரில், டியூப் என்றால் 28 முதல் 32 பிஎஸ்ஐ. டியூப்லெஸ் என்றால் 22 முதல் 26. பின்னால் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். சுமை கூடக் கூட அதற்கேற்ப ஏற்றுங்கள். பஞ்சரான டியூபில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை தெரிந்தால், முள் குத்தியது அல்ல, ரிம் விளிம்பு தரையில் இடித்து டியூபைக் கடித்தது. அப்போதே ரிம்மையும் தடவிப் பாருங்கள்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நிப்பிள் சாவியை எடுத்து மறுபடி சுருதி பாருங்கள். எப்படியும் இரண்டு மூன்று கம்பி தளர்ந்திருக்கும், கால் திருப்பு போதும். அன்றைக்கே ரிம்மின் எண், ஈஆர்டி, கம்பி நீளம், வாங்கிய தேதி நான்கையும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மதகு விளிம்பில் அடிபட்டு ஒற்றை ரிம்மை மட்டும் மாற்ற வரும்போது, அதே ஈஆர்டி உள்ள ரிம் கிடைத்தால் பழைய கம்பிகளையே வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் பக்கத்தில் கட்டி ஒவ்வொரு கம்பியாக மாற்றிவிடலாம். ஒரு மாலைப்பொழுது வேலை.